பேரூராட்சி குப்பைத் திட்டத்தில் உற்பத்தியாளர் பொறுப்பை எப்படிச் சேர்ப்பது?

கீழ்பவானி_மடை (கேள்வி)

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சிக்கு ஐந்தாண்டு திடக்கழிவுத் திட்டம் எழுத வேண்டியிருக்கிறது. மக்கள்தொகை 18,000 சுமார். வண்டிகளில் வந்து சேர்வது நாளுக்கு 5 டன், வாரச் சந்தையன்று அதற்கு மேல். வளம் மீட்பு மையத்தில் தரம் பிரித்தபின் நிற்கிற உலர் குப்பை ஒரு டன்னைத் தாண்டும். அதில் பாட்டில், கவர், உறை என்று பேக்கிங் பிளாஸ்டிக் மட்டும் 350 கிலோ இருக்கும் என்பது உத்தேசக் கணக்கு. முறையான எடை கிடையாது.

இப்போது ஒரு நிறுவனம் வந்து, "உலர் குப்பை மொத்தத்தையும் நாங்களே இலவசமாக எடுத்துக்கொள்கிறோம், ஈ.பி.ஆர். (பேக்கிங் பிளாஸ்டிக்கைச் சந்தையில் விடுபவரே அதன் கழிவுக்கும் ஏற்கும் உற்பத்தியாளர் பொறுப்பு) கணக்கில் எங்களுக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்கிறோம், பேரூராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை, ஐந்து வருஷ ஒப்பந்தம் போடுங்கள்" என்கிறார்கள். மன்ற உறுப்பினர்கள் பலருக்கும் சம்மதம். எனக்கு உள்ள சந்தேகங்கள்:

உற்பத்தியாளர் பொறுப்புப் பணம் சட்டப்படி பேரூராட்சிக்கு வந்தாக வேண்டுமா? திட்ட அறிக்கையில் இதை எந்த இடத்தில் எழுதுவது? பழைய இரும்புக் கடையில் யாரும் எடுக்காத சாஷே, மினுமினு உறை, மருந்து அட்டை இவற்றை யார் தலையில் கட்டுவது?

மேடைப்பிரிப்பு

முதல் கேள்விக்கு நேர் பதில்: தானாக வராது. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதிய திட்டங்களில் "உற்பத்தியாளர் பங்களிப்பு" என்று வரவுப் பக்கத்தில் ஒரு தொகை உட்கார்ந்திருக்கும், வருஷக் கடைசியில் அது பூஜ்யமாக இருக்கும்.

2022 பிப்ரவரியில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் ஈ.பி.ஆர். வழிகாட்டு நெறிகள் சேர்க்கப்பட்டன. பேக்கிங் பிளாஸ்டிக் தயாரிப்பவர், இறக்குமதியாளர், பிராண்டுக்காரர் ஆகியோர் இணையதளத்தில் பதிய வேண்டும். ஒன்றிரண்டு மாநிலத்தில் மட்டும் வியாபாரம் என்றால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், அதற்கு மேல் என்றால் மத்திய வாரியத்திடம். 2023-24 முதல் கணக்கிட்ட அளவுக்கு நூறு சதவீதம் பொறுப்பு. அதைத் தீர்க்க அவர்கள் வாங்குவது, இத்தனை எடை பிளாஸ்டிக் பதப்படுத்தப்பட்டது என்று காட்டும் சான்று. அந்தச் சான்றை உண்டாக்கும் உரிமை பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கும் பதப்படுத்தும் ஆலைக்கும் மட்டுமே. குப்பையைக் கூட்டி, அள்ளி, பிரித்துக் கொடுக்கும் பேரூராட்சி இந்தச் சங்கிலியில் சான்று தருபவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை.

இன்னொன்று, சான்றுக்கு ஊர் கிடையாது. கோபியில் விற்ற பிஸ்கட் உறைக்கு வேறு மாநிலத்து ஆலையின் சான்றை வாங்கிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அது சட்டப்படி சரிதான். உங்கள் ஊர் உறை உங்கள் ஊர்க் கிடங்கிலேயே கிடக்கும்.

பழைய 2016 திடக்கழிவு விதிகளிலேயே, பிராண்டுக்காரர்கள் உள்ளாட்சிக்கு நிதி உதவி செய்ய வேண்டும் என்று ஒரு வரி உண்டு. எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பது இல்லை. அளவு சொல்லாத கடமையை எந்த நோட்டீஸ் அனுப்பி வசூலிப்பது? ஆகவே அதை நம்பி வரவு எழுத வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் பிடி வேறு. மறுசுழற்சிக்கான குறைந்தபட்ச இலக்கு வருஷா வருஷம் ஏறுகிறது. கெட்டிப் பிளாஸ்டிக்கான முதல் வகையில் 2024-25இல் 50 சதவீதம், ஆண்டுக்குப் பத்தாக ஏறி 2027-28இல் 80. மெல்லிய கவர்களான இரண்டாம் வகைக்கும், பிளாஸ்டிக்கோடு காகிதமோ அலுமினியத் தகடோ ஒட்டிய மூன்றாம் வகைக்கும் 30இல் தொடங்கி 60. ஒரு வகையில் மிஞ்சிய சான்றை இன்னொரு வகைக்கு ஈடுகட்ட முடியாது. அப்படியென்றால் சுத்தமாகப் பிரித்த, எடைச் சீட்டோடு வரும் இரண்டாம், மூன்றாம் வகைச் சரக்குக்குத் தேவை இனிமேல்தான் கூடும். அதை இன்றைக்கு இலவசமாக, அதுவும் ஐந்து வருஷத்துக்கு எழுதிக்கொடுப்பது என்ன கணக்கு?

திட்டத்தில் எங்கே எழுதுவது என்றால், தனி அத்தியாயம் போடாதீர்கள். அதை யாரும் படிக்கமாட்டார்கள். அடிப்படை எடைக் கணக்கு, மையத்தின் தள அமைப்பு, வரவு செலவு, ஒப்பந்த நிபந்தனை ஆகிய நான்கு இடத்திலும் புகுத்துங்கள்.

எடைக் கணக்கு: சந்தை நாள் உள்ளே வரும்படி தொடர்ந்து எட்டு நாள், உலர் குப்பை முழுவதையும் பிரித்து வகைவாரியாக எடை போடுங்கள். மாதிரி எடுத்துப் பெருக்குவது ஈரக் குப்பைக்குச் சரிப்படும். உறைகளின் எடை மிகக் குறைவு என்பதால் மாதிரியில் பிழை பெரிதாகிவிடும். ஐப்பசி மழையில் ஒரு முறை, மாரியம்மன் நோம்பி சமயத்தில் ஒரு முறை திரும்பவும். மழை நாளில் கவருக்குள் நிற்கும் தண்ணீரும் ஒட்டிய மண்ணும் எடையைத் தூக்கிக் காட்டும். அதனால் ஒரே சரக்கை வந்த எடை, காய்ந்த எடை என்று இரண்டு பத்தியில் எழுதுங்கள். வாங்குபவர் எடையில் கழிவு பிடிக்கும்போது (குறைக்கும்போது) உங்கள் கையில் கணக்கு இருக்கும்.

வகை பிரிப்பதில் ஒரு எச்சரிக்கை. மினுமினுப்பைப் பார்த்ததும் மூன்றாம் வகை என்று போடாதீர்கள். இரண்டு மூன்று படலம் இருந்தாலும் எல்லாமே பிளாஸ்டிக் என்றால் அது இரண்டாம் வகைதான். உள்ளே உண்மையான தகடோ காகிதமோ இருந்தால்தான் மூன்றாவது. மருந்து அட்டை, ஜூஸ் அட்டைப்பெட்டி இவை சந்தேகமில்லாத மூன்றாம் வகை. ஆலைக்காரர் எதை எந்த வகையில் ஏற்றப்போகிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எடைச்சீட்டு

சட்டம் அவர் சொல்லிட்டாருங்க. நான் சரக்கைப் பத்தி மட்டும் சொல்றேன்.

"மொத்தமா எடுத்துக்கறோம்"ன்னு சொல்றவங்க முதல் ரெண்டு மாசம் மொத்தமா எடுப்பாங்க. அப்புறம் பெட் பாட்டில் (தண்ணி, கூல்டிரிங்ஸ் பாட்டில்), பால் கவர், அட்டை, இரும்பு மட்டும் லாரி ஏறும். உறையெல்லாம் மூலையில குமியும். கரும்புச் சாறு அவங்களுக்கு, சக்கை பேரூராட்சிக்கு. இதுல ஏமாத்துன்னு சொல்லவும் முடியாது, ஒப்பந்தத்துல எழுதலைன்னா அவங்க ஏன் நட்டத்துக்கு ஏத்தணும்?

அடுத்தது தூய்மைப் பணியாளர் பங்கு. உலர் சரக்கு வித்த காசு இப்ப அவங்களுக்குப் போயிட்டிருந்தா, அதை நிறுத்தி எல்லாத்தையும் இலவசமாக் கொடுத்தீங்கன்னா, நல்ல சரக்கு மையத்துக்கே வராது. வண்டியிலயே பாட்டில் தனியாப் போயிடும். மையத்துக்கு வர்றது வெறும் சக்கைதான். அவங்க மேல தப்புச் சொல்லிப் பிரயோசனமில்லை. கிலோவுக்கு இவ்வளவுன்னு பணியாளர் பங்கை, முக்கியமா உறைக்கு, ஒப்பந்தத்துலயே எழுதுங்க. யாரும் எடுக்காத உறைக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபா கொடுத்தாக்கூட அது பிரிஞ்சு வரும்.

பிரிக்கறதுல எது கெடுக்குமின்னா:

பெட் பாட்டில்ல பி.வி.சி. (பைப் செய்யற பிளாஸ்டிக்) கலந்தா மொத்த லோடும் போச்சு. பெட் உருகற சூட்டுல பி.வி.சி. கருகிப்போகும், உருக்கி எடுக்கற துகள்ல கறுப்புப் புள்ளி விழும். தண்ணியில போட்டாலும் பெட், பி.வி.சி. ரெண்டுமே மூழ்கிடும், அதனால கையிலதான் பொறுக்கணும். பாட்டிலைச் சுத்தி இறுக்கமா இருக்கற சுருக்கு லேபிளைக் கிழிச்சுப் போடுங்க, அதுல பி.வி.சி. இருக்க வாய்ப்பு உண்டு. மூடி வேற பிளாஸ்டிக், ஆனா அது மிதக்கும், அவ்வளவு தொந்தரவில்லை.

பால் கவர் அன்னன்னிக்கே அலசிக் காயப் போடணும். ரெண்டு நாள் விட்டா புழு வந்துடும், அப்புறம் யாரும் தொடமாட்டாங்க. வீட்டுலயே அலசிக் கொடுக்கச் சொல்றது ஒண்ணுதான் சுலபமான வழி. மூலையை முழுசா வெட்டாம, துண்டு கவரோடவே தொங்கற மாதிரி வெட்டச் சொல்லுங்க. அந்தச் சின்னத் துண்டுதான் சாக்கடையில போய் நிக்குது. எண்ணெய்ப் பாக்கெட்டைப் பால் கவரோட சேர்த்துக் கட்டாதீங்க, கழுவற தொட்டி முழுக்க எண்ணெய் படிஞ்சு துகளோட தரம் இறங்கிடும்.

எல்.டி. (மெல்லிய பாலிதீன்) கவர் இழுத்தா நீளும், பி.பி. (பாலிபுரொப்பிலீன்) கவர் கசக்குனா சரசரன்னு சத்தம் வரும். ரெண்டும் மிதக்கற சரக்கு, தண்ணியில பிரியாது. தரம் பிரிக்கற மேடையிலயே பிரிச்சாத்தான் உண்டு.

திருப்பூர் பக்கத்து ஊருன்னா பனியன் கட்டிங் வேஸ்ட் கவரோட சேர்ந்து வரும். துணி போனா அரைக்கற மெஷின்ல சுத்திக்கும். அதுக்கு ஈ.பி.ஆர். கிடையாது. கம்பெனிக்காரங்களையே தனியாக் கொடுக்கச் சொல்லணும்.

பேல் (மெஷின்ல அமுக்கிக் கட்டற கட்டு) கட்டாம உறையை ஏத்துனா லாரியில காத்துதான் போகும். பெரிய லாரியில ஒரு டன் ஏறுனாலே பெரிசு. 60 முதல் 100 கிலோ வர்ற பேல் போட்டீங்கன்னா எட்டு டன் வரைக்கும் ஏத்தலாம். ஹைட்ராலிக் மெஷினுக்கு மும்முனை மின்சாரம் வேணும், திட்டத்துல மெஷின் விலையை எழுதிட்டு மின் இணைப்புச் செலவை விட்டுடுவாங்க, பாத்துக்குங்க.

சூளை_வெப்பம்

கடைசியில் மிஞ்சும் சரக்கைப் பற்றி. மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கை சிமென்ட் சூளையில் எரிபொருளாக்குவதும் ஈ.பி.ஆர். கணக்கில் ஏற்கப்படும் வழிதான், மறுசுழற்சி இலக்குப் போக மீதிக்கு மட்டும். கொங்குப் பகுதிக்கு மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமென்ட் ஆலை உண்டு. தாண்டினால் அரியலூர். எந்த ஆலை எந்த மாதம் எவ்வளவு எடுக்கும் என்பதை ஆலையிடமே எழுத்தில் கேட்டு வாங்காமல் திட்டத்தில் எழுதாதீர்கள்.

அவர்கள் பார்ப்பது நான்கு: ஈரம், சாம்பல், குளோரின், வெப்ப மதிப்பு. மத்திய அரசின் ஆர்.டி.எஃப். (குப்பையிலிருந்து பிரித்த எரிபொருள்) வழிகாட்டுதலில் மூன்றாம் தரத்துக்கு ஈரம் 20 சதவீதத்துக்குள், சாம்பல் 15க்குள், குளோரின் 1க்குள், வெப்ப மதிப்பு கிலோவுக்கு 3000 கிலோகலோரிக்கு மேல். வெப்பம் பிரச்சினையே இல்லை, உறைகள் நன்றாக எரியும். லோடு திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரமும் குளோரினும். நம் ஊரில் குளோரின் எங்கிருந்து வரும் என்றால் ஃப்ளெக்ஸ் பேனர். அது பி.வி.சி. பூச்சு. கட்சிக் கூட்டம், காதுகுத்து, நோம்பி முடிந்ததும் கழற்றிய பேனர் எல்லாம் மையத்துக்கு வரும், "இதுவும் பிளாஸ்டிக்தானே" என்று பேலுக்குள் போகும். பழைய ரெக்சின், பைப் துண்டு, மட்டமான செருப்பு ஆகியவையும் அப்படியே. குளோரின் உப்புகள் சூளையின் முன்சூடாக்கும் கோபுரத்தில் ஒட்டிப் பாதையை அடைக்கும். அதனால்தான் அவர்கள் அவ்வளவு கறார். பேனருக்கு மேடையில் தனி மூலை ஒதுக்குங்கள். மண்ணும் அப்படித்தான்: தரம் பிரித்த சரக்கைத் தார்ப்பாய் விரிக்காமல் தரையில் குவித்து அள்ளினால் சாம்பல் கணக்கு எகிறும்.

உங்கள் 350 கிலோவில் மூன்றாம் வகையும் அழுக்குச் சரக்கும் சேர்ந்து நாளுக்கு 130 கிலோ என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 4 டன். எட்டு டன் லோடு சேர இரண்டு மாதம் ஆகும். ஏறக்குறைய நூறு பேல், நான்கு அடுக்கு, நடுவில் நடைவழி விட்டால் 350 முதல் 400 சதுர அடி மூடிய இடம் வேண்டும். திறந்த வெளியில் வைத்தால் மழையில் ஈரம் ஏறி இரண்டு மாத வேலையும் வீண். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். அடுக்குகளுக்கு நடுவே தீ தாவாத இடைவெளி, மணல் வாளி, தண்ணீர்க் குழாய் கட்டாயம். பக்கத்துப் பேரூராட்சிகள் மூன்று சேர்ந்தால் மாதத்துக்கு ஒரு லாரி ஓடும், இவ்வளவு இடமும் வேண்டாம்.

லாரி வாடகைதான் பேரூராட்சி தலையில் விழுகிற செலவு. உற்பத்தியாளர் பொறுப்பை எங்கே கேட்க வேண்டும் என்றால் இங்கேதான் கேட்க வேண்டும்.

நாலு_டப்பா

எல்லோரும் பிளாஸ்டிக்கிலேயே நிற்கிறீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திடக்கழிவு விதிகளில் வீட்டிலேயே ஈரம், உலர், சானிட்டரி, தனிக் கவனம் வேண்டியவை என நான்கு பிரிவு. அந்த நான்காவது டப்பாவில் விழுவதில் சிலவற்றுக்குத் தனித்தனி உற்பத்தியாளர் பொறுப்பு விதி உண்டு.

மின்னணுக் கழிவுக்கு 2022 விதிகள், 2023 ஏப்ரலில் தொடங்கின. குப்பையோடு கலந்து வருவதையும், உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத அநாதைப் பொருளையும் பிரித்துப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் வேலை உள்ளாட்சியுடையது. மையத்தில் பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டு ஒன்று போதும். செம்புக் கம்பிக்காக உடைப்பதும் எரிப்பதும் கூடாது. ட்யூப் லைட் உடைந்தால் பாதரசம், அதனால் அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

பேட்டரிக்கு 2022 ஆகஸ்ட் விதிகள், எல்லா ரகத்துக்கும் பொருந்தும். லெட் ஆசிட் பேட்டரிக்கு விலை இருப்பதால் அது தானே கடைக்குப் போய்விடும். பிரச்சினை செல்போன், பொம்மை, இ-சிகரெட் மாதிரிச் சின்ன லித்தியம். முனைகளில் டேப் ஒட்டி உலர்ந்த மணல் வாளியில் போடுங்கள். பேலிங் மெஷினில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம், அதுவும் உறைக் குவியலுக்குப் பக்கத்தில்.

நாப்கின், டயபருக்குச் சான்றுச் சந்தை எதுவும் இல்லை. 2016 விதிகளிலேயே பாக்கெட்டோடு அப்புறப்படுத்தும் உறை தரச் சொல்லியிருந்தது. அந்தச் செலவைத் திட்டத்தில் பேரூராட்சிச் செலவாகவே எழுதுங்கள். தாராபுரம், காங்கேயம் பக்கம் தோட்டங்களிலிருந்து வரும் மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர்க் குழாய் இரண்டும் பேக்கிங் இல்லை, பேக்கிங் சான்றுக் கணக்கில் சேராது. மண் ஒட்டிய மல்ச்சிங் ஷீட்டை ஒப்பந்தச் சரக்கில் சேர்த்தால் கழிவு பிடிப்பதில் தகராறுதான் வரும்.

கீழ்பவானி_மடை

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு கேள்வி. எங்கள் பக்கத்தில் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மசாலா பிராண்டுகள் நிறைய. அவர்களை நேரடியாகப் பிடிக்க முடியாதா? பாட்டிலுக்குப் பத்து ரூபாய் முன்பணம் வாங்கி, காலிப் பாட்டில் வந்தால் திருப்பித் தருவது மாதிரி உள்ளூர் அளவில் செய்ய வழி உண்டா?

மேடைப்பிரிப்பு

உள்ளூர் பிராண்டில் பெரும்பாலானவை சட்டப் பொறுப்புக்கு வெளியே நிற்கும். பிராண்டுக்காரர் குறு, சிறு தொழில் வரம்புக்குள் இருந்தால் ஈ.பி.ஆர். விலக்கு. 2025 ஏப்ரலில் சிறு தொழில் வரம்பு முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி என்று உயர்ந்துவிட்டது. அதைத் தாண்டிய ஆலை உங்கள் எல்லைக்குள் இருந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்தில் பதிவு விவரம் கேளுங்கள். அப்படி ஒன்றிரண்டு கிடைத்தால் பேரூராட்சி, பிராண்டுக்காரர், பதிவு பெற்ற ஆலை மூவரும் சேர்ந்து முத்தரப்பு ஒப்பந்தம் போடலாம். உள்ளூர்க்காரருக்கு ஊரில் பெயர் முக்கியம் என்பதால் பேச்சுக்கு வருவார்கள்.

முன்பணம் பற்றி: டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய்த் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு கோவைக்கும் வந்தது. அது நடக்கக் காரணம் விற்பவர் ஒரே ஆள், கடையும் அவருடையது, பின்னால் நீதிமன்ற உத்தரவு. சாஷேக்கு விற்பவர் ஆயிரம் பேர். பேரூராட்சி எல்லைக்குள் மட்டும் முன்பணம் வைத்தால் பக்கத்து ஊர் உறையும் உங்கள் கவுண்டருக்கே வரும், பணம் கொடுத்து மாளாது. கோயில் வளாகம், சுற்றுலா அணைப் பகுதி மாதிரி நுழைவாயில் உள்ள இடத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் செய்து பார்க்கலாம்.

எடைச்சீட்டு

அந்த நிறுவனத்தோட ஒப்பந்தம் போடறதா இருந்தா என்னென்ன எழுதணுமின்னு யாராச்சும் சொல்லிடுங்க. பேச்சு அங்கதான் நிக்குது.

மேடைப்பிரிப்பு

சரக்குக்கு விலை உண்டு என்றால் அது விற்பனை, ஆகவே ஒப்பந்தப்புள்ளி அல்லது ஏலம், அதற்கு மன்றத் தீர்மானம். தேடி வந்தவருக்கே நேராகக் கொடுத்தால் தணிக்கையில் நிற்காது.

காலம் ஒரு வருஷம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னொரு வருஷம். விலை வகைவாரியாக. முதல், இரண்டாம் வகைக்கு ஈரோடு அல்லது கோவைச் சந்தை விலையோடு இணைத்த விகிதம், நிலையான தொகை வேண்டாம். மூன்றாம் வகைக்குப் பூஜ்யம் என்று எழுதினாலும் பரவாயில்லை. ஆனால் எடுத்தாக வேண்டும், லாரி வாடகை அவர்களுடையது. எடுக்கும் ஒவ்வொரு லோடிலும் மூன்றாம் வகையும் அழுக்குச் சரக்கும் மையத்தில் நிற்கும் விகிதத்தில் ஏற வேண்டும், ஏற்றாவிட்டால் அடுத்த லோடு நல்ல சரக்கும் கிடையாது. இந்த ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொள்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஆள் எப்படி என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வைப்புத் தொகை வாங்குங்கள், இரண்டு லோடு எடுத்து அப்புறப்படுத்தும் செலவுக்குக் குறையாமல். எடை உங்கள் மையத்துக்கு அருகிலுள்ள எடை மேடையில், இருவர் கையெழுத்தோடு. ஆலையில் போடும் எடையோடு 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறு எடை. எந்தப் பதிவு பெற்ற ஆலைக்குப் போகிறது, அதன் பதிவு எண், உரிமத் திறன் ஆகியவற்றை இணைப்பாக வாங்கி இணையதளத்தில் சரிபாருங்கள். 2023இல் மத்திய வாரியம் சோதித்தபோது சில ஆலைகள் லட்சக்கணக்கில் போலிச் சான்று உண்டாக்கியது வெளிவந்தது. அந்த மாதிரிக் கணக்கில் உங்கள் பேரூராட்சியின் பெயரும் எடையும் ஏறிவிடக் கூடாது. அதற்காகவே, மாதந்தோறும் உங்கள் சரக்கின் பேரில் உண்டான சான்றின் அளவைத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் கொடுத்த எடையைத் தாண்டினால் ஒப்பந்தம் ரத்து என்று ஒரு பிரிவு.

அவர்களுக்கு மட்டுமே என்ற ஏகபோக உரிமை கொடுக்காதீர்கள். அட்டை, இரும்பு, கண்ணாடி மூன்றும் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே, பணியாளர்கள் வழக்கம்போல் விற்கட்டும். எடை மேடைக் கட்டணம் யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள், மாதக் கடைசியில் அதற்குத்தான் சண்டை வரும்.

கீழ்பவானி_மடை

மூன்றாம் வகை நிபந்தனையை அவர்களிடம் எழுத்தில் கேட்டு அனுப்புகிறேனுங்க. எட்டு நாள் எடைக்கு வரும் சந்தையிலிருந்து தொடங்கலாம் என்று சுகாதார ஆய்வாளரும் சொல்லியிருக்கிறார். காய்ந்த எடைக்குத் தனிப் பத்தி போட்டு அட்டவணை தயார்.